குதிரைக்கும் நமக்கும்

கேள்வி: ஓட்ஸ் குதிரைத் தீவனம்தானே? அதை ஏன் நம் தட்டில் வைக்கிறார்கள்?

பதில்: 1755-இல் வெளியான தம் அகராதியில் சாமுவேல் ஜான்சனும் இப்படித்தான் சீண்டினார்: இங்கிலாந்தில் அது குதிரைக்கு, ஸ்காட்லாந்தில் மனிதருக்கு என்று. அதனால்தான் உங்கள் ஊரில் குதிரை உசத்தி, எங்கள் ஊரில் மனிதர் உசத்தி என்று ஸ்காட்லாந்துப் பக்கமிருந்து பதில் வந்தது. என் கட்சியும் அதுதான்.

குதிரை உமியோடு தின்கிறது. நாம் உமி நீக்கி, ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கிய அவலைக் கஞ்சி காய்ச்சுகிறோம். அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார், குடலில் கூழாகிப் பித்தநீரைப் பிடித்து வெளியே தள்ளும். புதுப் பித்தநீர் சுரக்க, கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். இதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் வேண்டும். ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ். சர்க்கரையை மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள்.