கோடைக் கடலோரப் பயணமும் திணைமயக்கமும்: ஓர் இருசக்கர ஆய்வு

மே மாதத்தில், மோட்டார் சைக்கிளில், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை போவதென்று நான்கு ஆண்கள் ஒரு டீக்கடையில் முடிவெடுத்தால், அந்தப் பயணம் எந்தத் திணையின்பாற்படும்? தமிழ்த் துறைகள் இக்கேள்வியை எழுப்பியதில்லை. மெக்கானிக் கடைகளும் எழுப்பியதில்லை. ஐந்திணை அறிந்தாருக்குக் கிளட்ச் கேபிள் தெரியாது. கிளட்ச் கேபிள் அறிந்தாருக்கு ஐந்திணையில் ஆர்வம் இல்லை. நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும் இந்த இடத்தில் துண்டு போட்டு உட்கார்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்தல் என்பது பொதுவழக்கு. கடல் உண்டு, மணல் உண்டு, வஞ்சிரம் வறுவல் உண்டு, ஆகவே நெய்தல் என்பர் ஒரு சாரார். அவர் இன்னும் வண்டியைக் கிளப்பாதவர். நாம் நிறுவப் போவது வேறு. இது பாலை. வரைபடத்தில் நெய்தலாகத் தோன்றி, தாரில் இறங்கியதும் பாலையாகிவிடுவது. திட்டமிடுகிறவர் இதை நெய்தல் என்று நம்பி அரை டவுசரும் கூலிங் கிளாஸும் எடுத்து வைக்கிறார். வழியில் அவர் படும் பாடு முழுவதும் இந்த ஒரு திணைப் பிழையிலிருந்து பிறக்கிறது.

முதற்பொருளாவன நிலமும் பொழுதும் என்பார் தொல்காப்பியர். பொழுதை முதலில் எடுத்துக்கொள்வோம். நிலத்தைவிட அதுதான் முதுகில் உறைக்கிறது. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாயும் வேளை. பாலைக்கு நண்பகலும் வேனிலும். இனி, திட்டக்குழு தேர்ந்தெடுத்த தேதிகளைப் பாருங்கள். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திரத்துக்குள்தான் எல்லாருக்கும் லீவு கிடைத்திருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நேர் உச்சிக்கு வரும் சூரியன், மே மாதத்தில் உச்சியைத் தாண்டிச் சற்று வடக்கே போய்விடுகிறது. தெற்கு நோக்கிப் போகிறவருக்கு இதன் பயன், நண்பகல் வெயில் ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு விரல்கடை கழுத்தைக் குறிபார்த்து விழுவது. ஹெல்மெட்டின் நிழல் பெட்ரோல் டேங்க் மேல் விழுந்து கூடவே வரும். பல கிலோமீட்டருக்கு அவருக்குக் கிடைக்கும் ஒரே நிழல் அதுதான், அதன் அடியில் போய் நிற்கவும் முடியாது.

சரி, நெய்தலுக்குரிய எற்பாடாவது கிடைக்குமா? கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும்; மறைவது பெரும்பாலும் நிலத்துப் பக்கம். ஆகையால் கடலில் சூரியன் விழுவதைக் கன்னியாகுமரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. தீர்மானம் நல்லதுதான். ஆனால் மே மாதச் சூரியன் மேற்குக்கு வடக்கே ஒதுங்கி மறைகிறது. குமரிமுனையிலிருந்து பார்த்தால் அது கரைக்குப் பின்னால், நிலத்தில் இறங்கிவிடும். கடலில் விழ வேண்டுமானால் ஐப்பசிக்குப் பிறகு வர வேண்டும். இத்தனை தூரம் தேடிப் போயும் நெய்தலின் பொழுது நழுவிவிட்டது என்பதை நடுநிலையாளர் குறித்துக்கொள்க.

இங்கே ஒரு கடா. ‘காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவோமே, வெயில் எங்கே வந்தது?’ எனின், விடை: நமக்குப் பார்க்கக் கிடைத்த திட்டங்கள் அனைத்திலும் இந்த நான்கு மணி உண்டு, கிளம்பியவர் எவரும் இல்லை. நான்கு மணிக்கு ஒருவர் எழுந்து மற்ற மூவருக்கும் போன் போடுகிறார். ஐந்தரைக்கு ஒருவர், “மச்சான், ரெயின்கோட் எடுக்கணுமா?” என்று கேட்கிறார். அதற்குள் விடிந்துவிடுகிறது. பெட்ரோல் பங்க்கில் கூடுவது ஏழரைக்கு. நான்கு மணி என்பது இடைச்செருகல் என்பதே நம் துணிபு.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் திட்டத்தில் ‘கடல் காற்று வாங்கிக்கொண்டே’ என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. வெயிலில் தரை சுட்டு, அதன் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுதான் கடற்காற்று. தரை சுட வேண்டும் என்பது இதன் முன்நிபந்தனை. தவிர, மே மாதத்தில் மேற்கிலிருந்து வறண்ட காற்று எதிர்த்து நின்றால் கடற்காற்று பிற்பகல் வரை உள்ளே நுழையாது. அதுவரை தெற்கே போகிறவரின் வலக்கன்னம் வேகும், இடக்கன்னம் காத்திருக்கும்.

நிலத்துக்கு வருவோம். கடற்கரைச் சாலை என்றால் கடலின் கரையில் ஓடும் சாலை என்று கருதுவது இயல்பு. திருவான்மியூர் தாண்டியதும் இடப்பக்கம் கடல் இருக்கிறது என்பதற்குச் சான்றாக முதலில் கிடைப்பது காம்பவுண்டுச் சுவர். பிறகு ரிசார்ட்டின் காம்பவுண்டுச் சுவர். பிறகு சவுக்குத் தோப்பு. முட்டுக்காடு பாலத்தில் நீர் தெரிகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் போனை வெளியே எடுக்கிறார். அது கழி, கடல் அன்று. மரக்காணத்தில் உப்பளங்கள். பாண்டிச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று டேங்கை நிரப்புவதில் (வேறு சிலவும் குறைவு என்பதில்) கவனம் போய்விடுகிறது. கடலூர், சிதம்பரம் வழியெல்லாம் சாலை உள்ளே தள்ளித்தான் ஓடுகிறது. டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டிய தரங்கம்பாடியில் கடல் உண்டு, ஆனால் இடப்பக்கம் திரும்பி ஊருக்குள் போக வேண்டும். வேளாங்கண்ணியிலும் அப்படியே. திரும்புவது பற்றித் திட்டக்குழுவுக்குள் கருத்து வேறுபாடு எழும். முன்னால் போகிறவர் திரும்ப மாட்டார். பின்னால் வருகிறவர் திரும்பியிருப்பார்.

கோடியக்கரையில் கரை மேற்கே மடங்குகிறது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று சாலையும் மேற்கே முகம் திருப்ப, அதுவரை கழுத்தில் அடித்த வெயில் இனி மாலையில் நேராகக் கண்ணில். இந்த வழியில் கடலோரம் நிற்கும் மனோரா, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15-இல் கட்டியது. ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு சேதுபாவாசத்திரம் அருகே கோபுரம் எழுப்பலாம் என்றால், நாலு பேர் பைக்கில் போனதற்கு டீ-சர்ட் அச்சடிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது.

தொண்டி, தேவிபட்டினம் தாண்டி ராமநாதபுரம் வந்ததும் நம் கோட்பாட்டுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கிறது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. நெய்தல் திரிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. கீழக்கரையிலிருந்து சாயல்குடி, வேம்பார் வரை ஒருமுறை மே மாதத்தில் ஓட்டிப் பார்த்தால் சொல்லாமல் விளங்கும். இருபுறமும் சீமைக்கருவேலம், இடையிடையே பனை, ரோட்டின் மேல் கானல். பனை இருப்பதால் நுங்கும் பதநீரும் கிடைக்கும் என்பது மட்டும் ஆறுதல். கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதாம். பொழுதும் ஒழுக்கமும் மயங்கலாம், ஆனால் நிலத்தோடு நிலம் மயங்காது என்பது தொல்காப்பியர் விதித்த வரம்பு. ராமநாதபுரம் மாவட்டம் அதைப் படிக்கவில்லை.

நேர்மை கருதி எதிர்ச்சான்று ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் கடல் மெய்யாகவே இருக்கிறது. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினால் ஒரு பக்கம் 1914-ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025-இல் திறந்த புதிய பாலம் தெரியும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் போட்ட ஒன்பதரை கிலோமீட்டர் சாலையில் இரண்டு பக்கமும் கடல். வடக்கே அலை அடங்கிய பெண்கடல், தெற்கே அலையடிக்கும் ஆண்கடல் என்பது அந்த ஊர் வழக்கு. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் வழியில் நிற்கின்றன. இங்கே வந்தவர் நால்வரும் பேசாமல் ஓட்டுவர். ஆனால் 800 கிலோமீட்டருக்குக் குறையாத பயணத்தில், அதுவும் நேர்வழியிலிருந்து விலகிப் போய் அடையும் ஒன்பதரை கிலோமீட்டரை வைத்துத் திணை முடிவு செய்வது ஆய்வு நெறி ஆகாது.

கருப்பொருளில் உணவைத் தொட்டால் போதும், வழக்கு முடிந்துவிடும். திட்டத்தில் ஒவ்வோர் ஊருக்கும் நேராக ஒரு மீன் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கக் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. நாட்டுப் படகுகள் மட்டும் போய் வரும். கிடைப்பது குறைவு, விலை கூடுதல். ஆக, கடலோரம் முழுக்க மீன் அரிதாகும் அதே இரண்டு மாதத்தைப் பார்த்து மீன் தின்னக் கிளம்பும் ஒரு கூட்டத்தை நாம் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். துறைமுகங்களில் விசைப்படகுகள் கரையேறி, அடிப்பாகம் சுரண்டி, பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் போட்டுக் கிடக்கும். சர்வீஸ் செய்ய வேண்டிய மாதம் எது, ஓட்ட வேண்டிய மாதம் எது என்று மீனவருக்குத் தெரிந்திருக்கிறது.

மற்றக் கருப்பொருள்களைச் சுருக்கிக் கொள்கிறோம். விலங்கு: ரோட்டில் படுத்திருக்கும் மாடு. பறை: ஆல்டர் செய்த சைலன்சர். ஆறலைகள்வர்: காருக்கு வைத்த பார்க்கிங் சீட்டைப் பைக்குக்கும் கிழித்து நீட்டுகிறவர். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரச் சந்தில் புகுந்து, வரிசையில் நிற்கும் கார்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது இத்திணைக்குரிய ஒரே செருக்கு.

இனி உரிப்பொருள். பாலைக்கு உரியது பிரிவு. தலைவன் பொருள் தேடிச் சுரம் கடக்கப் புறப்படுவான், தலைவி வருந்துவாள் என்பது மரபு. நம் பயணத்திலோ வரிசை தலைகீழ். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் பிரிவது தலைவி. தலைவன் வீட்டில் இருக்கிறான், தோசை மாவு புளித்துவிட்டது, அதன் பிறகுதான் அவனுக்குச் சுரம் கடக்கும் எண்ணமே வருகிறது. அனுமதி போனில் கேட்கப்படுகிறது.

“என்னங்க, வண்டியிலயா? இந்த வெயில்லயா?”

“கடலோரமாத்தான் போறோம். சில்லுனு இருக்கும்.”

“இருங்க, அம்மாகிட்ட குடுக்கிறேன்.”

தோழி இடத்தில் மாமியார் வந்து நிற்பது அகத்துறைக்குப் புதிது. அவர் பேசியது இரண்டே கேள்வி. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, மாப்பிள்ளைக்கு இருக்கிறதா?

இங்கேதான் இலக்கணம் நமக்கு உதவிக்கு வருகிறது. செலவழுங்கல் என்றொரு துறை உண்டு. புறப்படத் துணிந்த தலைவன் புறப்படாமல் நிற்பது. அது போகாமல் விட்டுவிடுவது அன்று, தலைவியைத் தேற்றுவதற்காகச் சிறிது தாழ்ப்பது என்று தொல்காப்பியர் தெளிவாகவே வரையறுத்திருக்கிறார். நால்வர் குழு இதை ஆளுக்கொரு வகையாகக் கையாள்கிறது. ஒருவருக்கு ஆபீசில் ஆடிட். ஒருவருக்கு முதுகு. மூன்றாமவர் சாடில் பேக், முழங்கால் கவசம், போன் ஹோல்டர், பங்க்சர் கிட் எல்லாம் வாங்கிவிட்டார். ஆகையால் இனி போக வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நான்காமவர் மட்டும் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

அந்தக் காட்சியைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது, ஏனெனில் திட்டம் முழுவதிலும் உண்மையான வேலை நடப்பது அங்கே மட்டும்தான். மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கீழ்ச் செயினை ஆள்காட்டி விரலால் மேலே தூக்கி விடுகிறார். சக்கரத்தை அரைச்சுற்றுச் சுற்றி மறுபடி தூக்குகிறார். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொய்வு. விரலில் ஒட்டிய கறுப்பு மசகை வேஸ்ட் துணியில் துடைத்தபடி கேட்கிறார்.

“எங்க சார் போறீங்க?”

“கன்னியாகுமரிண்ணே. ஈசிஆர்ல.”

“செயின் ஸ்ப்ராக்கெட் செட்டா மாத்தணும். உப்புக் காத்து, மணல் வேற. வந்ததும் தண்ணி அடிச்சுக் கழுவி ஆயில் விட்டுடுங்க.” பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். “காத்து காலையில வண்டி சூடேறதுக்கு முன்னாடி பாருங்க. ஓடி வந்து நின்னதும் பாத்தா ஜாஸ்தி காட்டும், நீங்க இறக்கிடுவீங்க.” எழுந்திருக்கும்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறார். “மே மாசத்துலயா?”

நிலம், பொழுது, கருப்பொருள் மூன்றையும் அவர் அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார் என்பதையும், அதற்கு நமக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டது என்பதையும் ஆய்வுலகம் பெருந்தன்மையுடன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பது ஒரு கடா. ‘பாலையென்று தெரிந்த பின் மாதத்தை மாற்றினால் என்ன?’ எனின், மாற்றிப் பார்த்தாயிற்று. ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது, கத்திரி வெயில் அதற்கு முன்பே போய்விடுகிறது, மீன் வருகிறது. ஆனால் அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகளைக் கொண்டுவிடும் வேலை தலைவன் தலையில் விழுந்துவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். ஜனவரி உத்தமம். வெயில் இதம், மீன் தாராளம், குமரியில் சூரியன் கடலிலேயே விழும். நெய்தலுக்கு வேண்டிய முதலும் கருவும் குறைவின்றி அமைந்த மாதம். ஆனால் ஜனவரியில் தலைவி வீட்டில் இருக்கிறாள்.