தனக்குத் தானே முதலாளி

அமெரிக்காவில் செயலி வழியே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஓட்டுநர், பெரும்பாலும் சட்டப்படி தனக்குத் தானே முதலாளி. பதவி சும்மா வருமா? சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளில் தொழிலாளி பங்கு 7.65 சதவீதம், முதலாளி பங்கும் அவ்வளவே. இரண்டையும் அவரே கட்ட வேண்டும். எட்டு மணி நேரத்தில் 100 மைல் ஓடி 160 டாலர் ஈட்டினார் என்று வைத்துக்கொள்வோம். மைலுக்கு 70 சென்ட் கார்ச் செலவு என்பது 2025-க்கு வரித்துறையே ஒப்புக்கொண்ட கணக்கு. 70 டாலர் போயிற்று. மிச்சம் 90-இல் மேற்படி இரட்டை வரி ஏறக்குறைய 13. கையில் 77, மணிக்குப் பத்து டாலர்கூடத் தேறவில்லை, வருமான வரி வேறு காத்திருக்கிறது. பழைய காருக்கு அவ்வளவு ஆகாதே என்பார்கள். வாஸ்தவம், தேய்மானம் குறையும், மெக்கானிக் கூலி ஏறும். நினைத்த நேரத்தில் வேலை பார்க்கலாமே என்பார்கள். தாராளமாக, அந்த நினைப்பு ஊருக்குப் பசிக்கிற நேரமாகப் பார்த்து வரவேண்டும், அவ்வளவுதான்.