‘வீட்லதான் இருக்கேன்’

2020 மார்ச்சில் யார் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் கேட்டது இருமல் சத்தம்தான். கொரோனா வந்துவிட்டதென்று அரசாங்கமே இருமிக் காட்டி, கையைக் கழுவச் சொல்லி, அதன் பிறகுதான் லைனைக் கொடுத்தது. வெளியூரில் இருக்கும் பேரனைக் கூப்பிட்ட பாட்டிகள், அவன் ‘ஹலோ’ என்றதுமே, “மொதல்ல ஒரு டம்ளர் சுடுதண்ணி குடிடா. இப்பிடி இருமுறியே!” என்றார்கள். இருமியது தான் இல்லை என்று விளக்கப் பேரனுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. பாட்டி கடைசிவரை நம்பவில்லை.

அதைவிடப் பெரிய அதிசயம், கூப்பிட்டவுடன் எல்லாரும் போனை எடுத்தது. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு வந்தது; அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அதோடு, தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வந்த சில பொய்கள் ஒரே இரவில் காலாவதியாகின. “வந்துட்டே இருக்கேன், பக்கத்துலதான்” என்று இனிமேல் சொல்ல முடியாது. “வண்டி ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்றால் எதிராளி பதறிப்போய், “போலீஸ் புடிக்கலையா?” என்று கேட்பார். “வெளியூர்ல இருக்கேன் சார், திங்கக்கிழமை பாத்துடலாம்” என்பதற்கு வாய்ப்பே இல்லை. எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு ஏழரைக் கோடிப் பேரும் ஒரே நேரத்தில் உண்மை பேசிய காலம் அதற்கு முன்பு இருந்ததாகத் தெரியவில்லை. கடன் வாங்கியவர்கள் பாடுதான் ரொம்பத் திண்டாட்டம். வங்கித் தவணையை மூன்று மாதம் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்றே வழிசெய்துவிட்டது. மச்சானிடம் வாங்கிய கைமாத்துக்கு அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை. மச்சானோ வேலைவெட்டி இல்லாமல் காலையும் மாலையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

புதுப் பொய்கள் உருவாகச் சில வாரங்கள் ஆயின. “நெட்வொர்க் சரியில்ல”, “மியூட்ல இருந்துச்சு சார், கவனிக்கல” என்ற இரண்டும் அலுவலகத்தார் கண்டுபிடித்தவை. சீக்கிரமே வீட்டு உபயோகத்துக்கும் வந்துவிட்டன. மேனேஜர் இலக்குகளைப் பற்றி உருக்கமாகப் பேசும்போது யார் வீட்டுக் குக்கரோ மூன்று விசில் அடிக்கும். அவரும் மனிதர்தானே, “இன்னிக்கு யார் வீட்ல சாம்பார்?” என்று கேட்டுவிட்டுத் தொடர்வார்.

பேச நேரம் தாராளமாக இருந்தது. விஷயம்தான் இல்லை. “என்ன பண்றீங்க?” “சும்மாதான் இருக்கோம்.” “நாங்களும் சும்மாதான்.” இதற்கு மேல் எங்கே போவது? நல்லவேளை, மாலையானால் சுகாதாரத்துறை அன்றைய தொற்று எண்ணிக்கையை மாவட்டவாரியாக அறிவித்தது. அதிலிருந்து இரவுச் சாப்பாடு வரைக்குமான பேச்சு கிடைத்தது. ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது, தமிழ்நாட்டின் 37 மாவட்டங்களில் பச்சையாக நின்றது கிருஷ்ணகிரி ஒன்றுதான். மாம்பழத்துக்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு பெருமைப்பட்டது இதற்குத்தான். சென்னையில் இருந்த சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, “எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல” என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார்கள். சில நாளிலேயே அந்தப் பெருமையும் போனது.

வெளியே போகும் ஆண்கள் கையில் மஞ்சள் பையும் சட்டைப்பையில் ஒரு மருந்துச் சீட்டும் கட்டாயம் இருந்தன. சீட்டு எந்த வருஷத்தியது என்பது போலீஸ்காரரின் கண்பார்வையைப் பொறுத்தது. திருப்பூர் காவல்துறை இந்த விளையாட்டை வேறு தளத்துக்குக் கொண்டுபோனது. ஊரடங்கில் மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேல் டிரோன் வந்து நிற்க, அவர்கள் திசைக்கொருவராகச் சிதறி ஓடிய வீடியோவை உலகமே பார்த்தது. முகம் தெரியக்கூடாது என்று கேரம் போர்டையே குடையாகப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களின் சமயோசிதத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அவ்வளவு பெரிய போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரை டிரோனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா என்பது வேறு விஷயம். அதே மாவட்டத்தில் மே 7 அன்று டாஸ்மாக் திறந்தபோது நிஜக் குடையே கட்டாயம் என்று அறிவித்தார்கள். குடை விரித்தால் தானாக இடைவெளி வந்துவிடும் என்பது கணக்கு. சித்திரை வெயிலில், மழை வாசனைகூட இல்லாத நாளில், வீட்டில் குடையைத் தேடிய குடும்பத் தலைவரிடம், “எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்க வேண்டிய அவசியமே எந்த மனைவிக்கும் ஏற்படவில்லை.

இ-பாஸ் காலத்தில் பேச்சுக்குக் கற்பனை வளமும் தேவைப்பட்டது. மாவட்டம் தாண்டத் திருமணம், அவசர மருத்துவம், நெருங்கிய உறவினர் மரணம் ஆகியவைதான் முக்கியமான காரணங்களாக ஏற்கப்பட்டன. ஆக, ஊருக்குப் போக விரும்பியவர் முதலில் யாரையாவது கட்டிவைக்க வேண்டும் அல்லது சாகடிக்க வேண்டும். “பெரியப்பாவைப் போட்ரலாமா?” என்று சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாக ஆலோசனை நடந்தது. “வேணாம், போன தடவையும் அவர்தான்” என்று பதில் வந்தது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் வேண்டாம் என்று அரசு அறிவித்ததும் பல பெரியப்பாக்கள் உயிர்த்தெழுந்தார்கள்.

மருத்துவம் பேசாத ஆள் அப்போது கிடையாது. முதல் அலையில் கபசுரக் குடிநீர். அதில் சேரும் 15 சரக்குகளில் சுக்கு, திப்பிலி, கிராம்பு, ஆடாதோடை, நிலவேம்பு என்று ஐந்தைச் சொல்லத் தெரிந்தவர் தெருவில் பாதி சித்தர் ஆகிவிட்டார். அவரிடம் போய், “எத்தனை வேளை குடிக்கணும்ணே?” என்று கேட்பதும், அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்வதும் வழக்கமானது. இரண்டாம் அலையில் பேச்சு எண்களுக்கு மாறியது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கவனித்தது. “மாமா 98, அத்தை 97, சின்னவன் 99.” நெயில் பாலிஷ் போட்ட விரலில் மாட்டினால் அளவு தப்பாக வரலாம் என்று தெரியாமல், பத்து விரலிலும் அடர்நிறம் பூசிய மகளைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சு நின்றுபோன அப்பாக்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள்.

உச்சக்கட்டக் குழப்பம் சி.டி.யில் வந்தது. நெஞ்சை ஸ்கேன் எடுத்தால் 25-க்கு இவ்வளவு என்று ஒரு சி.டி. ஸ்கோர் தருவார்கள், அது குறைய வேண்டும். ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையிலும் ஒரு சி.டி. அளவு உண்டு, அது கூடினால் உடம்பில் வைரஸ் குறைவு என்று பொருள். இரண்டுக்கும் ஒரே பெயர். இதை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் என்னதான் நடக்காது! “தம்பிக்கு சி.டி. 24” என்று சித்தி போட்ட செய்திக்கு ஒரு மாமா கைகூப்பிய படமும், இன்னொரு மாமா கைதட்டும் படமும் அனுப்பினார்கள். எந்தச் சி.டி. என்று கேட்க வேண்டும் எனக் கடைசியில் தோன்றியது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்குத்தான். அவள் அதுவரை மியூட்டில் இருந்தாள்.

கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்ற விதியோ சொந்தங்களுக்குள் வேறொரு நோயைக் கிளப்பிவிட்டது. சாதாரண நாளில் ஆயிரம் பத்திரிகை அடித்து, எல்லாரையும் கூப்பிட்டு, எல்லாரையும் சமமாகக் கவனிக்காமல் விட்டுவிடலாம். ஐம்பதில் அது நடக்காது. “அம்பதுல நாங்க ஒரு ஆளா இல்லையா?” என்ற கேள்விக்கு எந்தச் சம்பந்தியிடமும் பதில் இல்லை. “அரசாங்க ரூல்ஸ் அத்தை, நாங்க என்ன பண்றது” என்று சொல்லித் தப்பித்தவர்கள், உள்ளூர அந்த அரசாங்கத்தைக் கும்பிட்டார்கள். வழி கண்டுபிடித்தவர்களும் உண்டு. மதுரையில் 2021 ஜனவரியில் ஒரு குடும்பம் பத்திரிகையிலேயே மொய்க்கு கியூஆர் கோடு அச்சடித்தது. வர முடியாதவர் மொய் எழுதாமல் தப்ப முடியாது. அதே ஆண்டு மே 23 அன்று, மறுநாள் முழு ஊரடங்கு தொடங்கவிருந்த நிலையில், மதுரையில் ஒரு ஜோடி விமானத்தை வாடகைக்கு எடுத்து நடுவானில் தாலி கட்டியது. உறவினர்கள் நூறு பேருக்கு மேல். விமானம் முழுக்க நெருக்கியடித்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து விமானப் போக்குவரத்து அதிகாரிகள் விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கோ, அவ்வளவு உயரத்தில் பந்தியை எப்படி நடத்தினார்கள் என்ற கவலைதான்.

அதே மே மாதத்தில் பேச்சு வற்றிப்போன வாரங்களும் உண்டு. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்காக மக்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். போன் வந்தால் யாரும் ஹலோ சொல்லவில்லை, “எங்கயாவது பெட் இருக்கா?” என்றுதான் ஆரம்பித்தார்கள். பெரியப்பாவைச் சாகடித்து விளையாடியவர்கள் அந்த வேடிக்கையை அப்போது நிறுத்திக்கொண்டார்கள்.

அலை இறங்கியதும் பேச்சு முழு வேகத்தில் திரும்பியது. இந்த முறை தடுப்பூசி. வலிக்குமா, காய்ச்சல் வருமா என்பதெல்லாம் சும்மா மரியாதைக்குக் கேட்ட கேள்விகள். உண்மையான கேள்வி மூன்றாவதாக, குரலைத் தாழ்த்தி வந்தது: “ஊசி போட்டுக்கிட்டா கறி சாப்பிடலாமா?” குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினால் நான்காவது கேள்வி. தடை எதுவும் இல்லை என்று மருத்துவர்கள் எத்தனை தடவை சொன்னாலும், டீக்கடையில் வேறு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது.

தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பர் 12 முதல் ஞாயிறுதோறும் மெகா தடுப்பூசி முகாம் நடத்தியது. முதல் சில வாரங்கள் பெரும்பாலும் புரட்டாசியில் விழுந்ததால், ஞாயிற்றுக்கிழமை மட்டனுக்கும் ஊசிக்கும் நேரடி மோதல் குறைவு. ஐப்பசி பிறந்ததும் அரசு சுதாரித்துக்கொண்டது. ஆறாவது முகாம் அக்டோபர் 23, சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. அசைவம் சாப்பிடுகிறவர்களும் மது அருந்துகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஊசி போடத் தயங்குவதுதான் காரணம் என்று சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் வெளிப்படையாகவே சொன்னார். உலகில் எத்தனையோ நாடுகள் தடுப்பூசித் தயக்கத்தைப் போக்கப் பரிசும் பணமும் கொடுத்துப் பார்த்தன. டீக்கடைப் பேச்சைக் காதில் வாங்கி, கிழமையை மாற்றிக் கொடுத்த அரசு அநேகமாக இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாற்றம் நன்றாகவே எடுபட்டது. மறுநாள் காலை கறிக்கடை வாசலில், இடது தோளை லேசாகத் தடவிக்கொண்டு நின்ற ஒருவர் கடைக்காரரிடம் கேட்டார்:

“அண்ணே, நேத்துதான் ஊசி போட்டேன். தொடைக்கறி சேருமா, ஈரல் மட்டும் வாங்கிக்கட்டுமா?”