நாலு தடவைக்கு மேல் அழக் கூடாது

எத்தனை தடவை வகுப்புக்குப் போனால் ஒருவருக்கு நடிப்பு வரும்? கூத்துக்கார வாத்தியார்கள் முதல் ருஷ்ய மேதைகள் வரை யாரும் விடை சொல்லத் துணியாத கேள்வி இது. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி நிர்வாகம் துணிந்து சொல்லிவிட்டது: நாலு.

2013 முதல் அங்கே இதுதான் விதி. நடிப்பு, நடனம், ஓவியம் போன்ற வகுப்புகளில் ஒருமுறை தேறிவிட்டால் அதே வகுப்பில் மறுபடி சேர முடியாது. வேண்டுமானால் கல்லூரி அதை நடிப்பு ஒன்று, நடிப்பு இரண்டு என்று படிப்படியாக உடைத்து வைத்துக்கொள்ளலாம். அப்படி உடைத்தாலும் ஒரு மாணவருக்கு ஒரே வகையில் மொத்தம் நாலுதான். ஐந்தாவது தடவை அழ வேண்டும் என்று தோன்றினால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம். அதற்கு அரசு தடை விதிக்கவில்லை.

விலக்குகள் சில உண்டு. அவற்றில் ஒன்று என்ன தெரியுமா? கல்லூரிகளுக்கிடையிலான பந்தய விளையாட்டு. பந்தைத் திரும்பத் திரும்ப எறிந்தால்தான் கை பழகும் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஹாம்லெட்டின் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் நாக்கு பழகும் என்பது மட்டும் எட்டவில்லை. ஒத்திகை என்று ஒரு சமாசாரம் உலகில் இருப்பதை யாரோ அவர்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

காரணம் கேட்டால், வரிப்பணமாம். கஜானா வற்றிய காலத்தில் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் இடத்தை அடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், சினிமாவை விற்றுப் பிழைக்காத ஊராக இருந்தால்.

இந்தச் சமுதாயக் கல்லூரிகளில் ஒன்றான லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜ் இருப்பது ஹாலிவுட்டின் கொல்லைப்புறத்தில். மார்க் ஹாமில் அங்கேதான் நாடகம் படித்தார். அவரை ‘ஸ்டார் வார்ஸ்’ நாயகன் ஆக்கிய ஜார்ஜ் லூக்காஸ் படித்தது மொடெஸ்டோ ஜூனியர் காலேஜில். பெரிய பல்கலைக்கழகம் அதற்கப்புறம். ராபின் வில்லியம்ஸ் காலேஜ் ஆஃப் மரினில் மூன்று வருடம் மேடையில் புரண்டுவிட்டுத்தான் நியூயார்க்கின் ஜூலியார்டுக்குப் போனார். டாம் ஹாங்க்ஸ், மதிப்பெண் போதாமல் ஹேவர்டில் இருக்கும் சாபோ காலேஜில் சேர்ந்தவர். தன் வாழ்வு முழுக்க அந்தக் கல்லூரிக்குக் கடன்பட்டது என்று 2015இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அவர்கள் படித்த காலத்தில் அங்கே கட்டணமே கிடையாது. 1984இல்தான் வசூல் தொடங்கியது. இப்போது ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ஏழைகளுக்கு அதையும் தள்ளுபடி செய்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் வீட்டு வாடகையை எந்த மாநில அரசும் தள்ளுபடி செய்வதில்லையே!

சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரின் கதி இன்னும் அழகு. பகுதிநேர ஆசிரியர் ஒரு கல்லூரி மாவட்டத்தில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ், முழுநேர வேலையில் 67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம். வயிறு அந்தச் சதவீதத்துக்குக் கட்டுப்படாததால், காலையில் ஒரு கல்லூரி, மாலையில் நாற்பது மைல் தள்ளி இன்னொன்று என்று காரில் ஓடுகிறார்கள். ‘ஃப்ரீவே ஃப்ளையர்’ என்று அவர்களுக்குச் செல்லப்பெயர். மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வேண்டியவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

இவ்வளவு சிக்கனமான அரசு, படம் எடுக்கும் கம்பெனிகளுக்குத் தரும் வரிச்சலுகையை 2025இல் என்ன செய்தது? ஆண்டுக்கு 330 மில்லியன் டாலராக இருந்ததை 750 மில்லியன் ஆக்கியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஸ்டுடியோ நான்காவது தடவையாக அதே சூப்பர்ஹீரோவைப் பறக்கவிட்டால் அது தொழில் வளர்ச்சி. மளிகைக்கடையில் மூட்டை தூக்கும் பையன் ஐந்தாவது தடவையாக மேடையேறினால் அது வரிப்பண விரயம்.

இங்கே இடமில்லை என்றால் அவன் வேறு கடைக்குப் போகலாம், கடைகளுக்குப் பஞ்சமில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சினிமா முதுகலை முடித்தவர்களின் நிலையை 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அரசுக் கடன் வாங்கிப் படித்தவர்களின் இடைநிலைக் கடன் 1,81,000 டாலர். படித்து முடித்து இரண்டு வருடம் ஆன பிறகும் அவர்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 30,000 டாலர்கூடச் சம்பாதிக்கவில்லை. அதே வருடம் டேவிட் கெஃபன் என்ற கோடீஸ்வரர் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளிக்கு 150 மில்லியன் டாலர் கொடுத்து, அங்கே கட்டணமில்லாமல் படிக்க வழி செய்தார். யேலில் இடம் கிடைத்தவர்களுக்கு இலவசம்; கிடைக்காதவர்களுக்குக் கடன் பத்திரம். தானத்திலும் ஒரு தரம் பார்த்துக் கொட்டுகிறது பணம்.

சாக்ரமெண்டோவில் உட்கார்ந்திருக்கும் சட்டமன்றப் பெரியோர்களே, அந்தப் பிள்ளைகள் உங்களிடம் 750 மில்லியன் கேட்கவில்லை. ஒரு கூடம், நாலு விளக்கு, வீடுவாசலோடு வாழும் ஒரு வாத்தியார், ஐந்தாவது தடவை தப்பு செய்து பார்க்க அனுமதி. இவ்வளவுதான். அதுவும் முடியாதென்றால், அவர்களில் ஒருவர் ஆஸ்கரைத் தூக்கிப் பிடிக்கும் இரவில் ‘நம்ம ஊர்ப் பிள்ளை’ என்று வாழ்த்துச் செய்தி விடாமலாவது இருங்கள்.