ஏரி இல்லாத ஊரில் ஏரிக்காரர்கள்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் குளிர்கால இரவு ஏழரை மணி என்றால் ஒரகடத்தில் காலை ஆறு. அங்கே என்.பி.ஏ. ஆட்டம் தொடங்கும்போது இங்கே நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பத் தயாராகிறது. ஆகவே கூடைப்பந்து சரித்திரத்தில் யார் பெரிய ஆள் என்று கடைசித் தீர்ப்பு சொல்லும் தகுதி பாஸ்டனுக்கும் கிடையாது, லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் கிடையாது. வல்லம் வடகாலிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகக் காஞ்சிபுரம் போகும் பஸ்ஸின் பின்சீட்டுக்குத்தான் உண்டு. சிவந்த கண், தீரப்போகும் டேட்டா, பக்கத்து சீட்டுக்காரன் குறட்டை. ஒரு நீதிபதிக்கு வேறென்ன வேண்டும்?

வழக்கு எப்போதும் ஒன்றுதான்: ஜோர்டனா, லெப்ரானா?

"ஆறு ஃபைனல் போனாரு, ஆறும் ஜெயிச்சாரு. அப்புறம் என்னடா பேச்சு?" என்பார் பெர்மனென்ட் அண்ணன்.

"லெப்ரான் பத்து ஃபைனல் போனாருண்ணே. உங்காளு நடுவுல லீவு போட்டுட்டு பேஸ்பால் ஆடப் போயிட்டாரே, அந்த வருஷம்லாம் எந்தக் கணக்குல வரும்? எல்.ஓ.பி.யா?" என்பான் டிரெய்னி.

மறுக்க முடியாது. ஜோர்டன் 1993-ல் ஓய்வு, 1995-ல் இரண்டே சொல்லில் ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுத் திரும்பினார். 1999-ல் மறுபடி ஓய்வு, 2001-ல் மறுபடி வருகை, 2003-ல் மறுபடியும் ஓய்வு. நம் ஊரில் யாராவது இத்தனை தடவை ரிசைன் செய்தால் எச்.ஆர். கேட்டிலேயே நிறுத்திவிடும். ஆனால் அண்ணன் கடைசி அஸ்திரத்தை எடுப்பார்: "என்ன இருந்தாலும் லெப்ரான் டீம் மாறினவன்டா." பஸ் அமைதியாகிவிடும். மாதம் மூவாயிரம் கூடக் கிடைத்தால் அடுத்த கேட்டுக்குத் தாவுகிறவர்கள் நிறைந்த பஸ் அது. அவர்களுக்கே அது துரோகமாகப் படுவதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

ஆதியிலிருந்து வருவோம். 1891 டிசம்பர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டு. வெளியே பனி, உள்ளே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் அடங்காத பையன்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் ஒரு விளையாட்டை யோசித்துவிட்டு இரண்டு பெட்டி கேட்டார். கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் பீச் பழக்கூடை இரண்டைக் கொடுத்தார். கேட்ட பொருளை ஸ்டோர்ஸ் கொடுத்த சரித்திரம் அன்றைக்கும் இல்லை. பத்தடி உயரத்தில் கூடை ஆணியடிக்கப்பட்டது. பக்கத்துக்கு ஒன்பது பேர் முட்டி மோதி, ஒரே ஒரு பந்து விழுந்தது. விழுந்த பந்தை எடுக்க ஏணி வைத்து ஏறினார்கள். கூடைக்கு அடி எதற்கு என்று உடனே யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் காலத்து ஒரகடமாக இருந்திருந்தால் மறுநாளே ஒரு டிரெய்னி அதைக் கைசன் ஷீட்டில் எழுதிப் போட்டு ஸ்டீல் டிபன்பாக்ஸ் பரிசு வாங்கியிருப்பான்.

அதே ஸ்ப்ரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. அந்தப் பழக்கூடைக்கும் நமக்கும் ஒரு வாத்தியார்தான் தூரம். ஆனால் ஆட்டம் வந்ததே தவிர அதன் வியாபாரம் வரவில்லை. இங்கே நல்ல ஆட்டக்காரரை இழுக்க கோடிக்கணக்கில் செக் எழுத வேண்டாம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் போதும். ரயில்வே, வங்கி, சுங்கத்துறை, போலீஸ்: இவைதாம் நம் பெரிய டீம்கள். சம்பள உச்சவரம்பைப் பே கமிஷன் பார்த்துக்கொள்ளும். சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடினார், 2021-ல் பத்மஸ்ரீ. டீம் மாறியதாக அவர் மேல் எந்தப் பின்சீட்டும் குற்றம் சொல்ல முடியாது. சொல்வதற்கு, அவர் பெயர் பின்சீட்டுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

சரி, அமெரிக்கா. இன்றைய ஜோர்டன்–லெப்ரான் சண்டைக்குத் தாத்தா, ரஸ்ஸல்–சேம்பர்லின் சண்டை. நம் எம்.ஜி.ஆர்.–சிவாஜி மாதிரியே அது. ஒருவர் எப்போதும் கடைசி ரீலில் ஜெயிப்பவர், மற்றவர் எல்லாப் பக்கமும் திறமை காட்டி வியக்க வைத்தவர். வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2-ம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். எங்கே? ஹெர்ஷி என்ற சாக்லேட் தொழிற்சாலை ஊரில். பார்த்தவர்கள் 4,124 பேர். வீடியோ கிடையாது. ஒரு காகிதத்தில் 100 என்று எழுதி அவர் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். நூற்றாண்டின் சாதனைக்கு அதுதான் சர்டிபிகேட். ஃப்ரீ த்ரோவில் பரம மோசமான அந்த மனிதர் அன்றைக்கு 32-க்கு 28 போட்டார். இடுப்புக்குக் கீழிருந்து இரண்டு கையாலும் தூக்கிப்போடும் பாணி. பலித்த பாணியைத் தொடர வேண்டியதுதானே? பார்க்க ஆம்பிளைத்தனமாக இல்லை என்று விட்டுவிட்டார். கௌரவத்துக்காக இத்தனை புள்ளிகளைத் தொலைத்த இன்னொரு மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை.

பில் ரஸ்ஸல் 13 சீசனில் 11 கப். அவர் பாஸ்டனுக்கு வந்த விதம் இன்னும் ரசமானது. 1956-ல் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் டிராஃப்ட்டில் முதல் உரிமை ராசெஸ்டர் ராயல்ஸிடம் இருந்தது. பாஸ்டன் முதலாளி வால்டர் பிரவுன் கையில் ஒரு பனிச்சறுக்கு நடனக் கம்பெனியும் இருந்தது. "ரஸ்ஸலை மட்டும் எடுக்காதீர்கள், நடனக்குழுவைச் சில நாள் உங்கள் அரங்கத்துக்கு அனுப்புகிறேன்" என்று பேரம் முடிந்ததாம். பாஸ்டன் கோச் ரெட் ஆவர்பாக் காலமெல்லாம் சொன்ன கதை இது. ராசெஸ்டர் வேறு ஆளை எடுத்தது. இரண்டாவது உரிமை செயின்ட் லூயிஸிடம். அவர்களுக்கு இரண்டு ஆளைக் கொடுத்து பாஸ்டன் ரஸ்ஸலை வாங்கிக்கொண்டது. பதினொரு கப்புக்கு விலை, ஐஸ் மேல் குட்டைப் பாவாடை டான்ஸ். மறு வருஷமே ராயல்ஸ் ராசெஸ்டரை விட்டு சின்சினாட்டிக்கு மூட்டை கட்டியது. அங்கிருந்து கேன்ஸஸ் சிட்டி, அங்கிருந்து 1985-ல் சாக்ரமென்டோ. 2013-ல் அதை வாங்கியவர் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே.

இங்கேதான் பின்சீட்டு நீதிபதிகள் கவனிக்காமல் விடும் சாட்சி வருகிறது. ஆட்டக்காரன் மாறியதை எண்ணுகிறார்கள். டீமே மாறியதை யாரும் எண்ணுவதில்லை. லேக்கர்ஸ், அதாவது ஏரிக்காரர்கள், பிறந்தது மின்னியாபோலிஸில், ஆயிரக்கணக்கான ஏரிகள் உள்ள மின்னசோட்டாவில். 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. ஏரிகள் வரவில்லை, பெயர் மட்டும் வந்தது. ஜாஸ் இசை பிறந்த நியூ ஆர்லியன்ஸின் டீமுக்கு ஜாஸ் என்று பெயர். அது 1979-ல் போய்ச் சேர்ந்த இடம் யூட்டா, மார்மன் பக்தர்களின் பூமி. லேக்கர்ஸ் பேசாமல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்திருக்கலாம். ஊர் ஏரி இருக்கிறது, பக்கத்தில் செம்பரம்பாக்கம் இருக்கிறது, சிப்காட்டில் மனையும் கொடுத்திருப்பார்கள்.

1976-ல் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் மூடப்பட்டு என்.பி.ஏ.வோடு சேர்ந்தது. நான்கு டீம்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த லீக்கின் கென்டக்கி, செயின்ட் லூயிஸ் டீம்கள் கழித்துவிடப்பட்டன. 2014-ல் நோக்கியாவின் கைபேசி வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் லிஸ்டில் இல்லாமல் போனதே, அப்படி. நோக்கியாக்காரர்கள் செட்டில்மென்ட் வாங்கினார்கள், நவம்பர் 1-ம் தேதி ஆலை நின்றது. கென்டக்கி முதலாளியும் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். செயின்ட் லூயிஸின் சில்னா சகோதரர்கள் ஜவுளித் தொழில் ஆசாமிகள். ஓரம் தைப்பது எப்படி என்று தெரிந்தவர்கள். ரொக்கம் 22 லட்சம் டாலர் போதும் என்றார்கள். "கூடவே, அந்த நாலு டீமுக்கும் வரும் டி.வி. பணத்தில் ஏழில் ஒரு பங்கு கொடுத்துவிடுங்கள்." எவ்வளவு நாளைக்கு? "லீக் இருக்கிற வரைக்கும்." அன்றைக்கு டி.வி.யில் கூடைப்பந்தை யார் பார்த்தார்கள்? சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு மேஜிக் ஜான்சன் வந்தார், லாரி பேர்ட் வந்தார், ஜோர்டன் வந்தார். ஜோர்டன் தாவிய ஒவ்வொரு தாவலிலும், டீமே இல்லாத இரண்டு அண்ணன் தம்பிக்குக் கமிஷன். ஒரு பந்து வாங்கவில்லை, ஒரு கோச்சுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. வந்து சேர்ந்தது சுமார் 30 கோடி டாலர். 2014-ல் என்.பி.ஏ. இன்னும் 50 கோடி டாலரை ரொக்கமாகக் கொடுத்து, பங்கின் பெரும்பகுதியிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டது. உலகத் தொழில் வரலாற்றில் இதைவிடப் பெரிய வி.ஆர்.எஸ். கிடையாது. நோக்கியா மூடிய அதே வருஷம் என்பதைப் பஸ்ஸில் சொல்லிப் பாருங்கள், தூங்கியவனும் எழுந்து உட்காருவான். ஆல்டைம் கிரேட் லிஸ்டில் ஜோர்டனுக்கு மேலே என் ஓட்டு சில்னா சகோதரர்களுக்கு.

டீம் மாறியவன் பெரிய ஆள் ஆக முடியாது என்கிறவர்களுக்கு உள்ளூரிலேயே பதில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்த ராமானுஜர். முதல் டீம் காஞ்சியில், யாதவப்பிரகாசரிடம். கோச்சுக்கும் ஆட்டக்காரருக்கும் ஒத்துப்போகவில்லை. எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்றால், காசி யாத்திரையில் கங்கையில் தள்ளிவிட வாத்தியாரே திட்டம் போட்டார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். தம்பி முறையான கோவிந்தன் அதை இவர் காதில் போட, நடு வழியில் விந்தியக் காட்டில் கழன்றுகொண்டார். பிறகு ஸ்ரீரங்கம் இழுத்துக்கொண்டது. சோழ மன்னன் நெருக்கடியில் மேல்கோட்டைக்குப் போய், வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, மறுபடி ஸ்ரீரங்கம். பழைய கோச் யாதவப்பிரகாசர் கடைசியில் இவருக்கே சீடரானார் என்பதும் அதே கதைகளில் உண்டு. எந்த என்.பி.ஏ. கோச்சும் அந்த அளவுக்கு இறங்கிவந்ததில்லை.

சேம்பர்லினின் 13-ம் எண் சட்டையை அவர் ஆடிய மூன்று என்.பி.ஏ. டீமும் அரங்கக் கூரையில் தொங்கவிட்டு, இனி யாருக்கும் இந்த எண் கிடையாது என்று மரியாதை செய்தன. ராமானுஜருக்கும் மூன்று ஊரில் திருமேனி: ஸ்ரீபெரும்புதூரில் தான் உகந்தது, மேல்கோட்டையில் தமர் உகந்தது, ஸ்ரீரங்கத்தில் தானானது. விட்டுப்போன ஊர் சட்டையைக் கொளுத்தவில்லை, சிலை வைத்தது.

கிளீவ்லண்டு கொளுத்தியது. 2010 ஜூலை 8-ல் லெப்ரான் டி.வி.யில் ஒரு மணி நேர நிகழ்ச்சி வைத்து மயாமிக்குப் போகிறேன் என்றார். அதற்கு ஒரு மணி நேரமா என்று கேட்பது நியாயம்தான். நம் சீரியல்காரர்கள் ஆறு வாரம் இழுத்திருப்பார்கள் என்பது வேறு. அன்றிரவே கிளீவ்லண்டு முதலாளி டான் கில்பர்ட், அவனுக்கு முன்னால் நாம் கப் அடிப்போம் என்று சூளுரைத்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதுவும் காமிக் சான்ஸ் எழுத்தில், குழந்தையின் பிறந்தநாள் அழைப்பிதழ் மாதிரி. லெப்ரான் மயாமியில் இரண்டு கப் அடித்தார். கிளீவ்லண்டு பூஜ்யம். 2014-ல் அவர் அதே முதலாளியிடம் திரும்பிவந்து, 2016-ல் கப் வாங்கிக் கொடுத்துவிட்டு, 2018-ல் ஏரி இல்லாத ஊருக்குப் போனார்.

ஆனால் துரோகப் பட்டத்தில் என் கோப்பை ஓக்லஹோமா சிட்டிக்குத்தான். கெவின் டுராண்டை 2007-ல் எடுத்தது சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ். அதற்கு முந்தின வருஷம் டீமை வாங்கியிருந்தவர்கள் ஓக்லஹோமாக்காரர்கள். 2008-ல் நாற்பது வருஷ டீமை அப்படியே தங்கள் ஊருக்குக் கிளப்பிக்கொண்டு போனார்கள், உள்ளே டுராண்டையும் சேர்த்து. அவரை யாரும் கேட்கவில்லை. லைனைப் பிரித்து லாரியில் ஏற்றும்போது மெஷினைக் கேட்பார்களா? எட்டு சீசன் கழித்து, 2016-ல், அவர் தானாக முடிவெடுத்து கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். அடுத்தவன் ஊர் டீமைத் தூக்கிவந்த ஓக்லஹோமா கொதித்தது. சட்டை எரிந்தது. 2017 பிப்ரவரியில் அவர் எதிரணியாக வந்தபோது, கோழை என்று குத்திக்காட்ட ரசிகர்கள் கப்கேக் வேஷத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வளர்ந்த மனிதர்கள், டிக்கெட் வாங்கி, கேக் வேஷத்தில். டுராண்ட் 34 புள்ளி போட்டார், கோல்டன் ஸ்டேட் 130-க்கு 114 என்று ஜெயித்தது. ஸ்டீஃபன் கர்ரி கப்கேக் படம் போட்ட டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு நடந்தார்.

சியாட்டிலுக்கு டீம் போனது போனதுதான். மறைமலைநகரிலிருந்து கிளம்புவதாக 2021-ல் அறிவித்த ஃபோர்டு, 2024-ல் திரும்பி வர விருப்பம் என்று தமிழக அரசுக்குக் கடிதமாவது கொடுத்தது. அதில் என்ன எழுத்துரு என்று பின்சீட்டில் இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.