கொசுறு மிளகாயின் உற்பத்திச் செலவு: ஒரு மொட்டைமாடி ஆய்வு

அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினால், காய்கறிக்காரம்மா கறிவேப்பிலையோடு நாலு பச்சை மிளகாயையும் கேளாமலே பையில் போடுவார். கொசுறு என்பது இதன் பெயர். காசில்லாமல் வரும் பொருளை ஒருவர் கைக்காசு போட்டு விளைவிப்பது ஏன் என்னும் வினாவை முன்னைய ஆய்வாளர் எவரும் எழுப்பவில்லை. அவர்களுக்கு மொட்டைமாடி இல்லை போலும்.

வரலாறு சுருக்கமாக: அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துகீசியர் கப்பலில் வந்திறங்கிய இக்காய், மிளகின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது, பிறகு மிளகையே பொங்கலுக்கும் ரசத்துக்கும் ஒதுக்கிவிட்டது. வீட்டோடு மாப்பிள்ளைகள் கவனிக்கத்தக்க செய்தி.

களப்பணிக்கு விதை, அஞ்சறைப்பெட்டியின் அடியில் கிடந்த வற்றல். க்ரோ பேக், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பெண்ணெய் எல்லாமாக 640 ரூபாய். என் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் யாரும் சேர்ப்பதில்லை. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்பார்கள். எங்கள் செடி இரு கட்சிக்கும் இடம் கொடுத்தது. சித்திரை வெயிலில் பூ அத்தனையும் உதிர்ந்து, ஆடியில் எட்டுக் காய் நின்றது. ஆக, காய் ஒன்று 80 ரூபாய்.

சிக்கல் சமையலறையில்தான் தொடங்கியது. “எண்பது ரூபாய் மிளகாயைக் கிள்ளிப் போடுற அளவுக்கு உப்புமாவுக்கு என்னங்க தகுதி இருக்கு?” என்றாள் மனைவி. சாம்பாரில் போட்டால் கூட்டத்தில் தொலைந்துவிடும். ஒருவழியாக, ஏழு காயையும் கீறி, உப்பிட்டு, தோல் வெளுத்துக் கொப்பளிக்கும்வரை நல்லெண்ணெயில் வதக்கித் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.

வில்பர் ஸ்கோவில் 1912இல், நாக்கில் உறைப்பு மறையும்வரை மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரை விட்டுக்கொண்டே போய்க் காரத்தை அளந்தார். எங்கள் வீட்டு அளவுகோல் அப்பாவின் விக்கல். காரம் விதையில்தான் என்று நம்பியவர், ஒவ்வொரு விதையாகத் தட்டி உதிர்த்துவிட்டுக் கடித்தார். அது சுரப்பது விதை ஒட்டியிருக்கும் வெளிறிய நரம்பில் என்பதை மூன்றாம் விக்கலில் ஒப்புக்கொண்டார். தண்ணீர் உதவவில்லை, காரச்சத்து தண்ணீரில் கரையாது. மோர்தான் காப்பாற்றியது.

எட்டாவது காயை விதைக்காகப் பழுக்க விட்டிருந்தேன். ஒரு கொண்டைக்குருவி அதைக் கொத்தித் தின்றுவிட்டு, கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட இல்லாமல் கைப்பிடிச் சுவரில் அலகைத் துடைத்துக்கொண்டு பறந்தது. பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது. அந்த நொடியில் காயின் விலை 91 ரூபாய் 43 காசானது.

இப்போது மார்கழி. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியடியில், சிமென்ட் விரிசலில், யாரும் நடாத மிளகாய்ச் செடி ஒன்று காய்த்துக் குலுங்குகிறது. உரமில்லை, வேப்பெண்ணெய் இல்லை. நேற்று அந்த வீட்டம்மா முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு கைப்பிடி பச்சை மிளகாய், கொசுறாக.