நாளொரு படமும் பொழுதொரு தலைப்பும்

தஞ்சை வட்டாரத்தில் அண்மைக்காலமாகப் பெருகிவரும் மனித வகைகளுள் அன்றாடப் படக்காரர் தனித்து ஆராயத்தக்கவர். நாள் தவறாமல் ஒரு படமாவது எடுத்துவந்தால் ஆண்டு முடிவதற்குள் கை தானே படிந்துவிடும் என்னும் நம்பிக்கையுடைய இவர், பெரும்பாலும் மாதத் தவணையில் கேமரா வாங்கியவராகவும், அதற்காக வீட்டாருக்குப் பதில் சொல்லவேண்டிய நிலையில் இருப்பவராகவும் காணப்படுகிறார்.

இவருடைய முதல் பயிற்சிக்களம், முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்த பெரிய கோயில். ஆயிரம் ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் கட்டுமானத்தை, எடுக்கும்போது படம் ஆடிப்போனால் பழியை எதிரில் இருப்பதன்மேல் போட முடியாது என்பதொன்றே இங்குள்ள சங்கடம். மழை விட்ட மாலையில், தரையில் தேங்கிய நீரில் விழும் விமானத்தின் நிழலைப் பிடிப்பதற்காக இவர் குப்புறப் படுத்திருக்கையில், அதுவே இக்கோயிலின் வழிபாட்டு முறை போலும் என்றெண்ணி வெளியூர்ப் பக்தர்கள் பக்கத்தில் விழுந்து கும்பிடுவதும் உண்டு.

இதே கோயிலை 1858-இல் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றிய படை அதிகாரி. விமானத்தின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கினார். அன்றாடப் படக்காரரோ ஒரே கொக்கை 21 முறை எடுத்து, எல்லாவற்றிலும் கொக்கு கிளம்பிய பிறகான வரப்பையே பெற்று, அவற்றுள் ஒன்றுக்கு 'பிரிவு' எனத் தலைப்பிடுகிறார்.

வயல்வெளியில் இவரது நிலை இன்னும் சிக்கலானது. சம்பாப் பயிர் மழையில் சாய்ந்து கிடக்கும் நாளில் கேமராவும் கையுமாக வரப்பில் இறங்குபவர், டெல்டாவின் வழக்கப்படி, சேதக் கணக்கெடுக்க வந்த அதிகாரியாகத்தான் இருக்க முடியும். "சார், அந்த மூலையிலதான் தண்ணி நிக்குது, அதையும் ரெண்டு படம் எடுத்துக்குங்க, ஏக்கருக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்கும் விவசாயியிடம், தாம் பனித்துளிக்காக வந்திருப்பதைச் சொல்லும் துணிவு எந்தப் படக்காரருக்கும் இதுவரை வாய்த்ததில்லை. சித்திரையிலோ, அறுவடை முடிந்து உளுந்தும் பறித்தபின் வழக்கம்போல் வெடித்துக் கிடக்கும் வயலை எடுத்து 'உழவனின் கண்ணீர்' என்று இவர் பெயரிடும் வேளையில், அவ்வயலுக்குரிய உழவர் கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்றைய படத்தை எடுக்க மறந்துபோனது இரவு பதினொன்றே முக்காலுக்கு நினைவுக்கு வரும் நாள்களும் இருக்கின்றன. அந்நேரத்தில் மறுப்புச் சொல்லாத ஒரே ஆள் அலமாரியிலிருக்கும் தலையாட்டிப் பொம்மை. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் பொம்மை தலையை ஆட்டிவிடுவதால் படத்தில் மூன்று முகங்கள் தோன்றுகின்றன. இதற்குத் தலைப்பு, 'காலம்'. ஓராண்டில் இவரிடம் ஐயத்துக்கிடமின்றி வளர்ந்திருப்பது தலைப்பிடும் திறமைதான்.

ஆயினும் இவரை வெட்டிவேலைக்காரர் என ஒதுக்கிவிடுவது முறையன்று. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் திறக்கும் தண்ணீர் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசியிலுள்ள வயல்களுக்கு, என்றைக்கு வந்தது என்பதில் ஊருக்கும் அலுவலகத்துக்கும் கருத்து ஒத்துப்போவதில்லை. இவர் எடுத்த மீன்கொத்திப் படங்களிலோ மீன்கொத்தி மங்கலாகவும், பின்னாலிருக்கும் வறண்ட மதகு கல் கல்லாகத் தெளிவாகவும், ஓரத்தில் தேதி பிசகாமலும் விழுந்திருக்கின்றன. கழித்துப்போட்ட இப்படங்களைக் கேட்டு விவசாயிகள் வீடு தேடி வரும்போது, அந்த மீன்கொத்தியைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லாதது இவருக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே, விடியற்காலையில் வரப்பில் எவரேனும் அசைவின்றிக் குப்புறக் கிடக்கக் கண்டால், 108-க்கு அழைக்கும் முன் அவர் கையில் கேமரா இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுமாறு டெல்டா மக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.